தொங்கினால் பத்து

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போகிற அப்பாக்களுக்கு மூன்று வேலைகள்தான் உண்டு. பாத்திரம் கழுவும் மெஷினில் தட்டு அடுக்குவது. மாலையில் வாக்கிங் போய், எதிரே வரும் இன்னொரு அப்பாவிடம், "நீங்க மாம்பலமா, மயிலாப்பூரா?" என்று விசாரிப்பது. ஊருக்குத் திரும்ப இன்னும் எத்தனை நாள் என்று காலண்டர் பார்ப்பது. 2013 ஜனவரியில் மிச்சிகனில் எனக்கு அந்த இரண்டாவது வேலையும் இல்லை. வெளியே ஒரே பனி. எதிரே எந்த அப்பாவும் வரவில்லை.

"சும்மா ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு, இவனோட ஸ்கூல்ல ரோபோ பண்றாங்களாம், போய்ட்டு வாங்களேன்ப்பா" என்றாள் மகள். 'இவன்' என்றால் பேரன். அப்போது பதினைந்து வயது. என்னோடு அவன் பேசிய மொத்தத் தமிழும் 'தாத்தா', 'பசிக்கல', 'ஓகே' என்ற மூன்று வார்த்தைகளுக்குள் அடங்கிவிடும்.

நான் அம்பத்தூரில் முப்பத்திரண்டு வருஷம் டூல் ரூமில் இருந்தவன். ரோபோ என்றதும் ரஜினி மாதிரி கண்ணாடி போட்டுக்கொண்டு ஏதோ நடந்து வரும் என்று எதிர்பார்த்துப் போனேன். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஒரு பட்டறை. லேத் ஒன்று, டிரில்லிங் மெஷின் இரண்டு, தரையெல்லாம் அலுமினியச் சுருள். கட்டிங் ஆயில் வாசனை மூக்கில் ஏறியதும் ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. வாசலிலேயே ஒரு பெண் வழிமறித்துப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை நீட்டினாள். போடாமல் உள்ளே விட மாட்டாளாம். எங்கள் ஃபேக்டரியில் அந்தக் கண்ணாடி, இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும் பீரோவிலிருந்து வெளியே வரும்.

விஷயம் இதுதான். ஃபர்ஸ்ட் என்று ஓர் அமைப்பு. செக்வே என்ற இரண்டு சக்கர வண்டியைக் கண்டுபிடித்தாரே டீன் கேமன், அவர் 1989ல் ஆரம்பித்தது. 1992ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் 28 அணிகளோடு முதல் போட்டி. 2013ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள். வருஷா வருஷம் ஜனவரி முதல் வாரத்தில், ஒரு சனிக்கிழமை, எல்லா ஊர்களுக்கும் ஒரே நேரத்தில் அந்த வருஷத்து ஆட்டம் என்ன என்று அறிவிப்பார்கள். அன்றிலிருந்து ஆறரை வாரத்துக்குள் ரோபோவை யோசித்து, வரைந்து, வெட்டி, ஒட்டி, ஓட்டி முடித்துவிட வேண்டும். அப்புறம் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு நம்பர் எழுதிய முத்திரை குத்திவிட வேண்டும். போட்டி நாள் வரை தொடக்கூடாது. (பையில் போடும் வழக்கத்தை 2020ல் எடுத்துவிட்டார்கள். அந்த வருஷங்களில் தூங்காமல் கிடந்த பிள்ளைகளின் அம்மாக்கள் கேள்விப்பட்டால் என்ன சொல்வார்களோ.)

2013 ஆட்டத்துக்குப் பெயர் அல்டிமேட் அசென்ட். 54 அடிக்கு 27 அடி மைதானம். ஒரு பக்கம் மூன்று சிவப்பு ரோபோ, எதிரே மூன்று நீலம். பீச்சில் வெள்ளைக்காரர்கள் நாய்க்கு வீசிப் பிடிக்கச் சொல்வார்களே ஃப்ரிஸ்பீ தட்டு, அதை எறிந்து சுவரில் உள்ள சந்துகளுக்குள் போட வேண்டும். மேல் சந்துக்கு 3 பாயின்ட், நடுவுக்கு 2, கீழே 1. முதல் 15 விநாடி ரோபோ தானாகவே ஆட வேண்டும், அதில் போட்டால் இரட்டிப்பு. அப்புறம் இரண்டு நிமிஷம் பிள்ளைகள் ஓட்டலாம். மைதானத்தில் ஆளுக்கொரு இரும்புக்குழாய் பிரமிடு நிற்கும். உயரம் ஏழரை அடி. ஏழரை என்றதுமே எனக்கு வயிற்றில் ஏதோ பண்ணியது. மணி அடிப்பதற்குள் ரோபோ அதில் ஏறித் தொங்க வேண்டும். முதல் படியில் தொங்கினால் 10, இரண்டாம் படி 20, மூன்றாம் படி 30.

ரோபோவின் எடை, பேட்டரியும் சுற்றிக் கட்டும் பம்பரும் நீங்கலாக, 120 பவுண்டு. அதாவது சுமார் 54 கிலோ. அதற்கு மேல் ஒரு போல்ட் அதிகமானாலும் எடை மேடையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எறிவது ஒரு குணம், ஏறுவது இன்னொரு குணம். எறிகிற யந்திரத்துக்கு வேகம் வேண்டும். ஏறுகிற யந்திரத்துக்கு நிதானமான பலம் வேண்டும். இரண்டையும் 54 கிலோவுக்குள் அடக்கு என்றால், சங்கீதம் பாடிக்கொண்டே நெல் மூட்டை தூக்கு என்கிற மாதிரிதான்.

முதலில் எறிவது. பந்து என்றால் சுலபம், எப்படி விட்டாலும் அது பந்துதான். தட்டு அப்படியில்லை. சுழலாத பம்பரம் நிற்காது அல்லவா, சுழலாத தட்டும் பறக்காது, காற்றில் கவிழ்ந்து விழும். பிள்ளைகள் இதற்குச் செய்த ஏற்பாட்டைப் பார்த்து அசந்து போனேன். ஒரு பக்கம் நேரான ஒரு தடுப்புச்சட்டம். எதிர்ப்பக்கம் வேகமாகச் சுற்றும் ரப்பர் சக்கரம். தட்டை நடுவே தள்ளினால் சக்கரம் அதை இழுத்துக்கொள்ள, தட்டு சட்டத்தின் மேல் உருண்டுகொண்டே ஓடி வெளியே பாய்கிறது. உருள்வதால் சுழற்சி இலவசம். ஆனால் கடவுள் எதையும் முழுசாக இலவசமாகத் தருவதில்லை. ஒரு பக்கம் நிற்கிற சட்டம், மறுபக்கம் ஓடுகிற சக்கரம் என்பதால், சக்கர விளிம்பின் வேகத்தில் பாதிதான் தட்டுக்குக் கிடைக்கும். அதனால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு சக்கரம் வைத்தார்கள். முதல் சக்கரம் ஓரளவு வேகம் ஏற்றித் தர, இரண்டாவது அதைப் பிடுங்கி எறியும்.

அதிலும் ஒரு சிக்கல். முதல் தட்டு மேல் சந்துக்குள் கச்சிதமாகப் போகும். உடனே அடுத்ததை விட்டால் அரை அடி கீழே போய் இடிக்கும். முதல் தட்டு சக்கரத்தின் வேகத்தைத் தின்றுவிட்டது. மோட்டார் அதை மீட்க அவகாசம் வேண்டும். நாலு தட்டுக்கு நாலு தடவை மூச்சு வாங்க வேண்டும். ஒரு பெண் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தட்டையும் எங்கே பட்டது என்று நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தாள். நூறு, இருநூறு எறிதல். எங்கள் குவாலிட்டி கன்ட்ரோல் ஆசாமிகள் கான்டீனில் உட்கார்ந்தே இந்த மாதிரி நோட்டை நிரப்பியது நினைவுக்கு வந்தது.

அவள்தான் அணியின் தலைவி. பேரனுக்கும் அவளுக்கும்தான் சண்டை.

பேரன் மூன்றாம் படி வரை ஏறும் யந்திரம் ஒன்றை வரைந்து வைத்திருந்தான். இரண்டு கை, மாறி மாறிக் கொக்கி போட்டுப் பனை ஏறுகிற மாதிரி ஏறும். 30 பாயின்ட். இருக்கிற படங்களிலேயே அழகான படம் அதுதான். அவள் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டாள். ஏற எப்படியும் கடைசி ஒரு நிமிஷம் போய்விடும். அந்த நேரத்தில் மைதானத்தின் மறுகோடிக்கு இரண்டு தடவை ஓடி, தடவைக்கு நாலு தட்டு வாங்கி வந்து மேல் சந்தில் போட்டால் 24. கடைசியில் முதல் படியில் வெறுமனே தொங்கினால் 10. ஆக மொத்தம் 34. ஏறுகிற யந்திரம் இல்லாவிட்டால் ரோபோவைக் குள்ளமாகக் கட்டலாம். 30 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் பிரமிடைச் சுற்றாமல் அடியில் புகுந்தே போகலாம்.

ஓட்டெடுப்பு நடந்தது. பேரன் தோற்றான். ஆறுதல் பரிசாக, தொங்குகிற கொக்கியை அவனிடம் கொடுத்தார்கள். கார் வீடு வந்து சேரும் வரை வாயே திறக்கவில்லை. அன்றைக்கு 'பசிக்கல' மட்டும்தான்.

ஆனால் கோபத்தோடு செய்தாலும் வேலையை ஒழுங்காகவே செய்தான். ஸ்ப்ரிங் விட்டதும் இரண்டு கொக்கிகள் மேலே நிமிரும். ரோபோ குழாய்க்குக் கீழே போய் நின்றதும் ஒரு மோட்டார் உருளையில் பட்டையைச் சுற்றி ரோபோவை மேலே இழுக்கும். கிணற்று ராட்டினம்தான், வாளிக்குப் பதிலாக ரோபோ தன்னையே இறைத்துக்கொள்கிறது. எடை மிச்சம் பிடிக்க எல்லாத் தகட்டிலும் துளை போட்டுப் போட்டு இடியாப்பத் தட்டு மாதிரி ஆக்கியிருந்தான்.

ஐந்தாவது வாரம் அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்டேன். "மணி அடிச்சதும் மோட்டாருக்குக் கரன்ட் நின்னுடும்ல? அப்புறம் எது அதைப் பிடிச்சு வச்சுக்கும்?"

"பிரேக் மோட் இருக்கு, தாத்தா" என்றான். அதாவது மோட்டாரின் இரண்டு முனையையும் சேர்த்துவிட்டால் அது சுற்றுவதற்கு எதிர்ப்புக் காட்டும். உண்மைதான். ஆனால் எதிர்ப்புக் காட்டுமே தவிர நிறுத்தாது. பாரம் இருந்தால் மெதுவாக, பிச்சைக்காரன் நகர்கிற மாதிரி, நகர்ந்துகொண்டே இருக்கும். கிணற்று ராட்டினத்தில் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறவன் தூங்கிப்போனால் என்ன ஆகும், அதுதான். பல்சக்கரம் ஒன்று போட்டு, திரும்பாமல் ஒரு நாக்கு விழ வேண்டும்.

எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

ஏன் என்று கேட்டால் வரிசையாகக் காரணம் சொல்வேன். பிள்ளைகளே செய்ய வேண்டும், பெரியவர்கள் மூக்கை நுழைக்கக்கூடாது என்று அங்கே எழுதாத சட்டம். வழிகாட்ட வந்திருந்தவர்கள் கார் கம்பெனி இன்ஜினீயர்கள்; நான் மஃப்ளர் கட்டிய கிழவன். அவர்கள் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், இரண்டு விநாடி தொங்கியது, கைதட்டினார்கள். பம்பர் தைத்து வரவில்லை என்பதால் அது இல்லாமலே தொங்கவிட்டார்கள். அதையும் கவனித்தேன். அதையும் சொல்லவில்லை. பிப்ரவரி 19, செவ்வாய்க்கிழமை நள்ளிரவுக்குள் பையில் போட்டு முத்திரை குத்தியாயிற்று.

மார்ச்சில் போட்டி. வேறொரு பள்ளியின் ஜிம். பாட்டு, கூச்சல், தலையில் பச்சைச் சாயம், கல்யாண வீடும் கட்சி மாநாடும் சேர்ந்தாற்போல். தட்டு எறிகிற பாகம் அமர்க்களமாக வேலை செய்தது. நாலாவது ஆட்டத்தில் ரோபோ நேரத்தோடு பிரமிடுக்கு வந்து, கொக்கி மாட்டி, தரையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பித் தொங்கியது. மணி அடித்தது. எல்லோரும் குதித்தார்கள். நான் மட்டும் குதிக்கவில்லை. பம்பரோடும் பேட்டரியோடும் சேர்ந்து அது இப்போது 150 பவுண்டுக்கு மேல். யாரும் தொடாமலே, சாமி மலை இறங்குகிற மாதிரி, மெல்ல இறங்கியது. நடுவர் குனிந்து பார்த்தபோது ஒரு சக்கரம் கார்ப்பெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பத்து போயிற்று. ஆறு பாயின்ட் வித்தியாசத்தில் ஆட்டமும் போயிற்று.

ஜிம்முக்குப் பின்னால் பழகிப் பார்க்க ஒரு பிரமிடு வைத்திருந்தார்கள். அங்கே மறுபடி தொங்கவிட்டார்கள். எத்தனை விநாடியில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கலாம் என்று பேரன் தரையில் முட்டி போட்டு, ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, கையை அடியில் விட்டான். அது இந்த முறை மெதுவாக இறங்கவில்லை. பட்டை உருளையில் ஒரு சுற்று நழுவியதை நான் பார்த்தேன்.

"வெரல எடுடா!"

அந்த ஜிம்மின் சத்தத்தையும் மீறி என் குரல் கேட்டது எனக்கே ஆச்சரியம். கையை இழுத்துக்கொண்டான். ரோபோ ஸ்கேலின் மேல் உட்கார்ந்தது. எடுத்துப் பார்த்தால், பட்டாக்கத்தி மாதிரி இருந்த ஸ்கேல் அரிவாளாக வளைந்திருந்தது.

என் கை நடுங்குவதைத் தலைவிப்பெண் பார்த்துவிட்டாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். 'வெரல்' என்றால் என்ன என்று பேரனிடம் கேட்டாள். சொன்னான். தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். 'வெர்ரல்'.

அன்று ராத்திரி மாப்பிள்ளை கார் ஓட்ட, பின் சீட்டில் பேரனிடம் சொன்னேன். மகளுக்கே தெரியாத விஷயம். 1986. கையால் சுற்றுகிற வின்ச். டை ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தோம். நாக்கை அழுத்திப் பிடிக்கிற ஸ்ப்ரிங் முறிந்திருந்தது. ஷிஃப்ட் இன்சார்ஜ் நான். ஸ்டோரில் புது ஸ்ப்ரிங் இல்லை, இன்று ஒரு நாள் ஓட்டலாம், நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மேலே இருந்தவர் சொன்னார். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு டை நழுவியது. ஹெல்ப்பர் பையன் ஒருவனுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. இருபது வயது. ரிப்போர்ட்டில் அவனுடைய கவனக்குறைவு என்று எழுதினார்கள். கையெழுத்து என்னுடையது.

என் தமிழில் பாதி அவனுக்குப் புரிந்திருக்காது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையன் இப்போ எங்க, தாத்தா?" என்றான்.

"தெரியாதுடா" என்றேன்.

"நீங்க தேடலையா?"

மாப்பிள்ளை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். நான் பதில் சொல்லவில்லை. அவனும் திரும்பக் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவனே ஆரம்பித்தான். "தாத்தா, டீத் வேணும், ஒரு சைடு மட்டும் போகணும். கியர் வெட்ட டைம் இல்ல. என்ன பண்ணலாம்?"

உருளையின் அச்சு அறுகோணம், அரை அங்குலம். நான் கைவிரலை வளையமாக வைத்துக் காட்டினேன். ராட்செட் ஸ்பேனர்! ஒரு பக்கம் திருப்பினால் கடகடவென்று சுற்றும், மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். சின்ன நெம்பைத் தட்டினால் திசை மாறும். அந்த வளையத்தை அச்சில் மாட்டி, கைப்பிடியை வெட்டி, சட்டத்தில் முட்டுக்கொடுத்துவிட்டால் முடிந்தது வேலை. கேட்கும்போது பிரமாதமாகத் தோன்றியது. பிற்பாடு தெரிந்தது, அந்த வருஷம் வேறு அணிகளும் இதே தந்திரம் செய்திருந்தார்களாம். இருக்கட்டும். எனக்கு அன்றைக்கு அது என் கண்டுபிடிப்புதான்.

இவர்களிடம் அந்த அளவு ஸ்பேனர் இல்லை. கொடுத்தது யார் தெரியுமா? இன்னும் அரை மணியில் இவர்களை எதிர்த்து ஆடப்போகிற அணி. வெட்டப்போகிறோம், திரும்பக் கிடைக்காது என்று சொல்லியும் கொடுத்தார்கள். எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃப்ளவர்ஸ் இந்தப் போட்டிக்குள் கொண்டுவந்த பழக்கம் அது. கிரேஷியஸ் ப்ரொஃபஷனலிசம் என்று பெயர் வைத்திருந்தார். முட்டி மோதி விளையாடு, ஆனால் எதிரியின் ரோபோ ரிப்பேரானால் ஸ்பேனர் கொடு. மனிதர் 2019ல் காலமாகிவிட்டார். எங்கள் டூல் ரூமில் பக்கத்து ஷிஃப்டுக்காரன் ஸ்பேனரைப் பூட்டி வைத்துக்கொண்டு போவான். நானும்தான்.

ஸ்பேனரால் எடை கூடிற்று. மறுபடி எடை மேடையில் ஏற்ற வேண்டும். பேரன் ஒரு வார்த்தை பேசாமல் தன்னுடைய கொக்கித் தகட்டில் இன்னும் ஆறு துளை போட்டான்.

அணி காலிறுதியில் வெளியேறியது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தட்டு மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ஏப்ரலில் செயின்ட் லூயிஸில் நடந்த இறுதிப் போட்டியில் இரண்டு கனடா அணிகளும் ஒரு டெக்சாஸ் அணியும் சேர்ந்து ஜெயித்தன. ஆனால் ஸ்பேனர் போட்டபிறகு தொங்கிய ஒவ்வொரு தடவையும் எங்கள் ரோபோ, கரன்ட் போன பிறகும், சொன்ன இடத்தில் தொங்கியது.

அப்படித் தொங்கும்போது இன்னொரு தொல்லை. பாரம் இருக்கும்வரை நெம்பைத் திருப்ப முடியாது. நாலு பேர் ரோபோவைச் சுற்றி நின்று ஒரு விரற்கடை தூக்கிப்பிடிக்க, ஒருவன் உள்ளே கைவிட்டு நெம்பைத் தட்ட வேண்டும். அது பேரனின் வேலை.

முதல் தடவை அவர்கள் தூக்குவதை நான் கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தேன். அவன் உடனே கைவிடவில்லை. ஒவ்வொருத்தர் கையாகப் பார்த்தான். கொக்கிக்கும் குழாய்க்கும் நடுவே யாருடைய கையாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். பிறகு கத்தினான்.

"வெரல்?"

பச்சைத் தலைமுடி நாலும் ஒரே குரலில் திருப்பிக் கத்தின.

"வெர்ரல்!"

கடக் என்று ஒரு சத்தம். ரோபோ தரைக்கு வந்தது.